அறுபத்தாறு அடிக் கம்பி

1974 ஜனவரி 16, புதன்

வாடைக் காற்று. மில்லில் விடுப்பு. என் அமெச்சூர் ரேடியோவின் பழைய ஏரியலை இறக்கினேன். அது ஏழு மெகாசைக்கிளுக்கு மட்டும். புதியது ஏழுக்கும் பதினாலுக்கும் சேர்த்து. மேலே 66 அடிக் கம்பி, கீழே 33 அடி, இரண்டுக்கும் ஒரே இடத்தில் இணைப்பு. பதினாலில் ஆஸ்திரேலியா கிடைக்கும். ரொம்ப நாள் ஆசை.

பழைய கம்பி உப்புக் காற்றில் பச்சை பூத்திருந்தது. சுருட்டும்போதே நாலு இடத்தில் ஒடிந்தது. போகட்டும்.

வாங்க வேண்டியவை: ஈயப்பற்று, நைலான் கயிறு, சவர பிளேடு.

17, வியாழன்

காலையில் அக்கா வந்தாள். மச்சான் தண்டலாக, தலைமை மாலுமியாக, ஓட்டிப்போன தோணி, ஓடு ஏற்றிக் கொழும்புக்குப் புறப்பட்டு எட்டு நாள். சேர்ந்ததும் தந்தி வரும், மூன்றாம் நாளே. வரவில்லை. தோணி முதலாளி வீட்டில் "வந்துரும், வந்துரும்" என்கிறார்களாம்.

"ஏலே, தினமும் கொழும்புக்காரன்ட்ட தட்டுதியே. அவன்ட்ட கேளேன்."

கொழும்பு டி.க்குத் துறைமுகத்தில் வேலை. தினம் காலை ஆறரைக்கு ஏழில் மோர்ஸ் தட்டிப் பேசுவோம். ஆறு வருடப் பழக்கம், முகம் பார்த்ததில்லை. கேட்டால் விசாரித்துச் சொல்வார். அடுத்தவர் சேதியை அனுப்பக்கூடாது என்று லைசென்ஸில் இருக்கிறது. இருக்கட்டும்.

ஆனால் ஏரியல் இல்லையே. நேற்றுத்தானே இறக்கினேன். அதை அவளிடம் சொல்லவில்லை. "நாளைக்குக் கேக்கேன்" என்றேன்.

நாள் முழுக்க வேலை. இரண்டு கம்பிகளும் ஒட்டாமலிருக்க இடையில் முட்டு வேண்டும். பீங்கான் போதவில்லை, பனைமட்டையைச் சீவிப் போட்டேன். கம்பி நீளம் நாலு அங்குலம் கூடுதல், நறுக்கினேன். மூன்று மணிக்கு மீட்டர் முள் அடியில் படுத்தது, ஏழிலும் பதினாலிலும். முள் படுத்தால் ஏரியல் சரி. சந்தோஷம். கொஞ்சம் வெட்கமும்.

18, வெள்ளி

பனி. உதட்டில் உப்பு. ஆறரைக்கு முள் உச்சிக்கு ஓடியது. பனைமட்டை இரவெல்லாம் உப்பு ஈரம் குடித்திருக்கிறது. டி. என்னைக் கூப்பிடுவது கேட்கிறது, தெளிவாக, மூன்று முறை. நான் தட்டியது அவருக்குப் போகவில்லை.

ஏழுக்கான கம்பியை மட்டும் ஏற்றியிருந்தால் முட்டே வேண்டாம், இன்று பேசியிருப்பேன். ஆஸ்திரேலியாவாம். என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது.

அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இப்ப என்னலே வேணும்?"

"மெழுகு. மட்டைய மெழுகுல கொதிக்க வச்சா ஈரம் ஏறாது."

நாளை காலை ஷிப்ட், எப்படியும் இனி பேசுவது ஞாயிறுதான். நேரம் இருக்கிறதே என்று பதினாலுக்கான கம்பியை அவிழ்க்கவில்லை. அதையும் எழுதி வைக்கிறேன்.

19, சனி

தந்தி இல்லை. அக்கா மடி நிறைய மெழுகுவர்த்தித் துண்டுகள். கடலுக்குப் போனவர்களுக்காக மாதா கோயிலில் ஏற்றி, எரிந்து மிஞ்சியவை. உபதேசியாரிடம் கேட்டு வாங்கினாளாம். பாதி அவளே மச்சானுக்காக ஏற்றியது.

தகர டப்பாவில் உருக்கி மட்டைகளைப் போட்டேன். நுரை அடங்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். "ஏத்துனது வீணாப் போகலைலா?" என்றாள். இல்லை என்றேன். மாலையில் ஏரியலை ஏற்றினோம். முள் படுத்தது.

20, ஞாயிறு

பேய்க்காற்று. விடிய, ஏரியல் கயிறு ஓடும் கப்பி ஒரு பக்கம் உடைந்துவிட்டது. கயிற்றை இறுக்கிக் கட்டினால் காற்று இழுக்கிற இழுப்பில் கம்பி அறுந்துவிடும். யாராவது கையில் பிடித்து விட்டுக்கொடுக்க வேண்டும். அக்கா பூசைக்குப் போகாமல் பிடித்தாள்.

6.30. டி. கூப்பிட்டார். தட்டினேன். உடனே பதில்! தோணியின் பெயரைக் கொடுத்தேன். "பொறு" என்றார்.

7.10. மறுபடி டி. கூடப் புறப்பட்ட தோணிகள் இரண்டும் சேர்ந்துவிட்டன. இது இல்லை. வியாழனன்று கற்பிட்டிக் கரையில் இதன் பெயர்ப்பலகையும் ஒடிந்த பாய்மரமும் ஒதுங்கியிருக்கின்றன. ஆள் யாருமில்லை. வருந்துகிறேன் என்றார். பிறகு, பழக்கதோஷம், உன் சிக்னல் இவ்வளவு பலமாக வந்ததே இல்லை என்றும்.

வெளியிலிருந்து அக்கா, "ஏலே, என்ன சொல்லுதான்?"

"இன்னும் பதில் வரலக்கா. காத்துக்கிட்டிருக்கேன்."

7.40. ரேடியோ பதிவேட்டில் எழுத முடியாது, இதில் எழுதுகிறேன். செட்டை எப்போதோ அணைத்தாயிற்று. சன்னலில் தெரிகிறாள். காற்றுக்குத் தக்கபடி கயிற்றை விட்டும் இழுத்தும், கம்பி அறுந்துவிடாமல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.