சண்டியருக்குச் சோறு போடாதீர்கள்

செவ்வாய் கிரகம், வயல்கூடங்கள்
பதிவு செய்பவர்: இசக்கியம்மாள், பயிர்நோய் ஆய்வாளர்

நாள் 204. காலை 06:10
வெப்பம் 27. ஈரப்பதம் 81, கொஞ்சம் அதிகம். மூன்று கூடங்களிலும் கேழ்வரகு கதிர் தள்ளுகிறது. குடியிருப்பில் வழக்கம்போல் நான் ஒருத்திதான். மரியசெல்வத்தின் கப்பல் ஒன்பது பேரோடு பாதி வழியில் இருக்கிறது. இறங்கியதும் அவர்கள் சாப்பிடப்போவது இந்தக் கேழ்வரகைத்தான். முதல் கூடத்தில் நாலைந்து இலைகளில் பழுப்புப் புள்ளி. நடுவில் சாம்பல் நிறம், இரண்டு முனையும் கூர். பார்த்துக்கொள்ளலாம்.

நாள் 207. காலை 07:30
பார்த்துக்கொள்ள ஒன்றுமில்லை, குலை நோய்தான். பூஞ்சை. நோயற்றது என்று பூமியில் முத்திரை குத்தி அனுப்பிய விதையிலேயே வந்திருக்கிறது. குத்தின மகராசன் நன்றாக இருக்கட்டும். கைவசம் இருந்த பூஞ்சைக்கொல்லியைத் தெளித்தேன். பன்னீர் தெளித்த மாதிரி இன்னும் தழைக்கிறது.

இனி சண்டியர்தான். சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் காட்டில் நானே எடுத்த மண் பாக்டீரியா. பூஞ்சையைக் கண்டால் ஒரு மருந்தைச் சுரந்து ஆளைக் காலி பண்ணிவிடுவான். அதனால்தான் அந்தப் பெயர். தொட்டியில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி வளர்க்கிறேன்.

நாள் 213. மதியம் 13:05
தொட்டி நிறையச் சண்டியர். தெளித்தேன். ஒரு புள்ளிகூட அடங்கவில்லை. இரண்டாம் கூடமும் போச்சு, மூன்றில் ஆரம்பித்துவிட்டது. ஆய்வுத் தட்டில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பூஞ்சை இவன் தலைமேலேயே ஏறிப் படர்கிறது. அடப்பாவி!

பூமியிலிருந்து கட்டுப்பாட்டு அதிகாரி ரகுநந்தன்: "மேடம், ரூல் தெளிவா இருக்கு. நோய் வந்தா மூணு கூடத்தையும் சூடேத்தி அழிச்சிடணும். கப்பல்ல வர்றவங்க பாக்கெட் சாப்பாட்டைப் பாதிப் பாதியா வச்சுச் சமாளிக்கட்டும். அடுத்த சரக்கு வந்துடும்."

அடுத்த சரக்கு வர இரண்டு வருடம். அதுவரை பாதிச் சோற்றில் ஒருத்தரும் தாங்கமாட்டார்கள். ரகுநந்தன் மதியம் என்ன சாப்பிட்டாரோ தெரியவில்லை.

நாள் 215. காலை 05:50
தப்பு என்னுடையது. மண்ணில் அவன் பட்டினி கிடந்தான், பூஞ்சையோடு இடத்துக்கு அடித்துக்கொண்டான், அதனால் மருந்து சுரந்தான். நானோ விருந்துக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி உட்காரவைத்துச் சோறு போட்டிருக்கிறேன். எதிரியும் இல்லை, பசியும் இல்லை. எதற்காகச் சுரப்பான்?

சர்க்கரையை நிறுத்திவிட்டேன். இனி வெறும் உமி. நோய் வந்த இலைகளை அரைத்து அதே தொட்டியில் கொட்டினேன். எதிரியோடு கிடக்கட்டும்.

நாள் 218. காலை 09:20
தட்டில் சண்டியரைச் சுற்றிப் பூஞ்சை ஒதுங்கி நிற்கிறது! நடுவே வட்டமாக வெறுமை. சந்தோஷத்தில் கத்தினேன். கேட்க ஆளில்லை, இருந்தாலும் கத்தினேன். மூன்றாம் கூடத்துக்குத் தெளித்தாயிற்று.

ரகுநந்தன்: "நோயை நீங்களே தொட்டில வளக்குறீங்களா? என்ன மேடம் இது! நாளைக்கு நாங்களே இங்கருந்து ஹீட்டரைப் போடுறோம். நீங்க குடியிருப்பை விட்டு வெளியே வராதீங்க."

நான் அனுப்பியது: "கருக விடமாட்டேன். ஒங்களால ஆனதைப் பாத்துக்கோங்க."

நாள் 219. காலை 11:40
ஒன்றும் இரண்டும் கருகிவிட்டன. மூன்றாம் கூடத்தின் ஹீட்டர் கம்பியை வெட்டிவிட்டேன். ஆனால் ஹீட்டருக்கு மாற்று இணைப்பு ஒன்று குடியிருப்பின் மின்சாரத்தோடு சேர்ந்தே ஓடுகிறது, தனியாக வெட்ட வழியில்லை. அந்த மின்சாரத்தை அணைத்தால் குடியிருப்பில் காற்று கிடையாது, சூடு கிடையாது.

அணைத்துவிட்டேன். போர்வையைச் சுருட்டிக்கொண்டு கேழ்வரகோடு குடிவந்தாயிற்று. இங்கே விளக்குக்கும் ரேடியோவுக்கும் தனிச் சூரியத் தகடு. விளக்குச் சூடே போதும்.

நாள் 233. மாலை 16:15
புதுப் புள்ளி ஒன்றுகூட இல்லை. கதிர் பால் பிடித்துவிட்டது. சண்டியர் நின்று விளையாடுகிறான்.

இந்தப் பயிர் விடும் மூச்சு ஒரு ஆளுக்குப் போதவில்லை. கரியமில வாயு ஏறுகிறது. கதிர் முற்ற முற்றப் பயிரின் மூச்சு இன்னும் குறையும். தெரிந்துதான் வந்தேன். ஆனாலும் பயமாக இருக்கிறது, அழுகை வருகிறது. அதையும் பதிவு செய்கிறேன்.

ரகுநந்தன்: "குடியிருப்பு சுவிட்சைப் போடுங்க மேடம், ப்ளீஸ். உங்க உயிர் முக்கியம்."

நான்: "போட்டா ஹீட்டரைப் போடமாட்டேன்னு சொல்லுங்க."

சுவிட்சைப் போடச் சொல்லி அதே செய்தியை மறுபடி அனுப்பினார். ஹீட்டர் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

கப்பலிலிருந்து மரியசெல்வம்: "யக்கா, அந்தக் கூடத்தைத் தொறக்கவே கூடாதுன்னு பூமில உத்தரவு. நாங்க ஒம்பது பேரும் பேசிட்டோம். தொறக்கத்தான் செய்வோம். அதுவரைக்கும் உசுரக் கையில புடிச்சுட்டு இருங்க."

என் தம்பிமாரே.

நாள் 258
மணி பார்க்கவில்லை. கரியமில வாயு எல்லை தாண்டிவிட்டது. அறுத்தேன், உட்கார்ந்தேன், அறுத்தேன். ஆறு மூட்டை. விதை தனியாக. பாக்கெட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் அடுத்த விளைச்சல் வரை தாங்கும். ரகுநந்தன், பார்த்தீர்களா? ஆறு.

மரியசெல்வம், கேள். சண்டியருக்கு உமி மட்டும். நோய் இலை ஒரு கை. சர்க்கரை கிடையாது. பாவம் பார்க்காதே.

என்னைப் பாத்தியிலேயே புதைக்கலாம் என்று உங்களில் யாராவது சொல்வீர்கள். மரியாதை என்று நினைப்பீர்கள். கூடாது. உடம்பு அவ்வளவும் சத்து. சண்டியர் தின்று கொழுத்து மறுபடி சும்மா உட்கார்ந்துவிடுவான். இவ்வளவும் அதற்கா செய்தேன்? வெளியே தூரமாக இழுத்துப் போடுங்கள். மண்ணில் நான் படவே கூடாது.

போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். களி கிண்டுங்கள். ஒன்பது பேரும் உட்கார்ந்து வயிறு நிறை