ஒரேஸ்தேக்குப் பக்கத்து இடம்

ரோக்காஸ்பினா,
ஈஸ்டர் முடிந்த புதன்கிழமை

அன்பு மகள் மிரெல்லாவுக்கு,

உன் அம்மா எர்சீலியா எழுதுவது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்தவுடன் உனக்கு வேறொரு அழைப்பு வந்துவிடுகிறது. "அப்புறம் கூப்பிடறேம்மா" என்கிறாய். அந்த அப்புறம் வருவதில்லை. காகிதமாவது நீ திரும்பி வரும்வரை மேஜைமேல் கிடக்கும்.

அப்பாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை. நிலவறைப் படியில் இறங்கும்போது மட்டும் புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டுகிறார். புது ஒயின் நன்றாக வந்திருக்கிறது. வழக்கம்போல வாசலில் ஒலிவக்கிளையைக் கட்டினோம். கிளை தொங்கினால் கடையில் ஒயின் உண்டு என்று இங்கே குழந்தைக்கும் தெரியும். இந்த வருஷம் நீ இருக்கிற டொரொன்டோவுக்கும் தெரிந்துவிட்டது.

நீ இணையத்தில் எழுதிய பயணக் கட்டுரையை முடிதிருத்தும் துல்லியோதான் தன் போனில் எல்லோருக்கும் படித்துக் காட்டினான். மலைமேல் இருக்கிற ஊர்களில் உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து குடிக்கும் சின்னக் கடைகள் என்று வரிசை போட்டு, முதலில் நம் கடையை வைத்திருந்தாய். "எம் பொண்ணு எழுதினதுடா, மெதுவாப் படி" என்று அப்பா அவனை இரண்டு தடவை படிக்க வைத்தார். நாலே மேஜை, நாங்கள் ஊற்றுவது ஒயின் மட்டும், சாப்பாட்டை அவரவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பிறகு அந்த வரி வந்தது. "ஜன்னலோர மேஜையில் ஒரேஸ்தே என்ற பெரியவருக்குப் பக்கத்தில் உட்காருங்கள். தன் பொட்டலத்தைப் பிரித்து உங்களுக்குப் பாதி வைப்பார். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள், அவர் மனம் நோகும்."

"யோவ் ஒரேஸ்தே, நீ இன்னிலேர்ந்து சத்திரக்காரன்யா" என்றான் துல்லியோ. எல்லோரும் சிரித்தோம். உன் ஞானத்தகப்பன் ஒரேஸ்தேயும் சிரித்தார். "புள்ள என்னை மறக்கல பாத்தியா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளிக்கூடம் விட்டு நீ ஓடிவந்து அவர் தொடையோடு ஒட்டி உட்கார்ந்து, அவர் மனைவி அசுந்தா செய்து கொடுத்தனுப்பிய வெங்காய முட்டை அடையில் பாதியைத் தின்பாயே, அதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. அசுந்தா போனபிறகு அவரே அடை சுடுகிறார். அடிப்பிடிக்கும். ஆனாலும் தினமும் கட்டம் போட்ட துணியில் கட்டிக்கொண்டு, மதிய மணி அடிக்குமுன் வந்துவிடுவார். போன குளிர்காலத்தில் ஒருநாள் மணி அடித்தும் வரவில்லை. துல்லியோ ஒருவனைப் பாதி முகம் மழித்தபடியே விட்டுவிட்டு, கத்தியோடு தெருவில் ஓடினான். ஒரேஸ்தே காய்ச்சலில் கிடந்தார். கத்தியோடு வந்தவனைப் பார்த்து, "பாவசங்கீர்த்தனம் பண்ணக்கூட நேரம் தரமாட்டியாடா" என்றாராம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கெட்டவர்கள் இல்லை. சிரித்த முகம், சுத்தமான சட்டை. வந்ததும் வேறெங்கும் பார்க்காமல் ஜன்னலோரம் போய் உட்காருகிறார்கள். கையில் ஒன்றும் இருக்காது. உட்கார்ந்து பொட்டலத்தையே பார்க்கிறார்கள். ஒரேஸ்தே வைக்காமல் இருப்பாரா? வைக்கிறார். அவர்களும் நீ சொன்னபடி வேண்டாம் என்று சொல்வதில்லை.

நீ ஒன்றை மறந்துவிட்டாய், மகளே. நீ அவர் அடையைத் தின்ற நாட்களில் சாயங்காலம் நான் உன் கையில் ஒரு கிண்ணம் பயறோ, ஒயின் ஊற்றிச் சுட்ட வளைய பிஸ்கட்டோ கொடுத்து அவர் வீட்டுக்கு அனுப்புவேன். இங்கே பங்கு வைப்பது அப்படித்தான். இன்று உன்னுடையது, நாளை என்னுடையது. உன் ஆட்களுக்கு நாளை வேறு ஊர்.

அந்த ஒரு வரியை எடுத்துவிடு. மற்றதெல்லாம் இருக்கட்டும், அப்பாவுக்குப் பிடித்திருக்கிறது.

குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக்கொள்.

அம்மா


ரோக்காஸ்பினா,
மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள்

மிரெல்லாவுக்கு,

உன் பதில் வந்தது. பதில் என்று எதைச் சொல்வது, போனில் வந்த நாலு வரி. "அந்த வரிதாம்மா மொத்தக் கட்டுரைக்கும் உயிரே" என்று எழுதியிருக்கிறாய். கட்டுரைக்கு உயிர் இருப்பது சந்தோஷம். நம் வீட்டுப் பழமொழி ஒன்று உண்டே, ஊரான் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்று. அதைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒரேஸ்தேயின் அடையை உலகத்துக்கெல்லாம் நீ தாராளமாகப் பரிமாறுகிறாய்.

நாங்களே தட்டுத் தட்டாகச் சாப்பாடு போட்டு விற்றால் என்ன என்று கேட்டிருந்தாய். அப்பாவிடம் சொன்னேன். "அப்போ அது ஓட்டல். ஓட்டல் வைக்கிறதா இருந்தா நான் ஏன் இந்தப் படியில ஏறி எறங்கி சாகறேன்" என்றார். அதோடு நிறுத்தவில்லை. நீ கேட்டால் வருத்தப்படுவாய், எழுதவில்லை.

வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. துல்லியோவும் தபால்கார மாமாவும் உட்கார இடமில்லாமல், வாசலில் நின்று ஒரு மடக்குக் குடித்துவிட்டுப் போனார்கள். பிறகு அதுவும் இல்லை. இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்பார்கள். நான் இடம்கூடக் கொடுக்கவில்லை, நீ அங்கிருந்து கொடுத்தாய். அப்பா ஒருநாள் ஜன்னலோர மேஜையை மறித்துக்கொண்டு நின்றார். வந்த பெண் போனை நீட்டி, உங்கள் பெண்ணே எழுதியிருக்கிறாளே என்று காட்டினாள். அதில் உன் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்பா நகர்ந்துவிட்டார்.

ஒரேஸ்தே முதலில் பெரிய அடையாகச் சுட்டுக்கொண்டு வந்தார். வாங்குகிற ஓய்வூதியத்தில் எத்தனை முட்டை உடைப்பார்? ஒரு டச்சுத் தம்பதி அவருடைய பாதியையும் சேர்த்துத் தின்றுவிட்டு, கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அன்று மேஜைமேல் வெறும் துணிதான் மிஞ்சியது. நான் உள்ளேயிருந்து ஒரு கிண்ணம் பயறு கொண்டுபோய், யாரும் பார்க்காமல் அவர் முன்னால் தள்ளினேன். "எர்சீலியா, நான் பங்கு வைக்கிறவன். மேஜைக்கடியில போடறதப் பொறுக்கறவன் இல்ல, தாயி" என்றார். குரலை உயர்த்தவில்லை. கிண்ணத்தை நானே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குப்பிறகு வெறுங்கையோடு வரத் தொடங்கினார். கேட்டால், "வீட்லயே சாப்ட்டு வந்துட்டேன்" என்பார். வெறும் வயிற்றில் ஒயின் குடித்தால் முகம் காட்டிக்கொடுக்கும், எனக்குத் தெரியாதா.

போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உன் ஆட்களில் ஒரு சின்னப் பெண் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். போனைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மேஜையைப் பார்த்தாள். பிறகு துல்லியோவிடம் ஏதோ கேட்டாள். கனடாவில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன் என்ற பெருமையில், அந்த மடையனும் உரக்க மொழிபெயர்த்தான். "இன்னிக்கு ஒண்ணும் இல்லையான்னு கேக்கறா."

அவள் கெட்ட மனதோடு கேட்கவில்லை. ஏமாந்துபோய்க் கேட்டாள். ஒரேஸ்தே கோப்பையைக் கவிழ்த்து வைத்தார், தொப்பியை எடுத்துக்கொண்டார், எழுந்து அவளுக்குத் தலை வணங்கினார். "மன்னிக்கணும் சிஞ்ஞோரினா, வீட்ல பொம்பள இல்ல" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

திருநாளன்றும் வரவில்லை. நான் போய்க் கூப்பிட்டேன். "வர்றேன் வர்றேன், காலு கொஞ்சம் சரியில்ல" என்று கதவிடுக்கிலேயே நின்று பேசினார். உள்ளே வா என்று சொல்லவில்லை. அந்த வீட்டுக்குள் என்னைக் கூப்பிடாமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

மகளே, எனக்காக இல்லை, அவருக்காகக் கேட்கிறேன். பெயரையாவது எடுத்துவிடு. அல்லது நீயே ஒரு நடை வந்து, அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வை. நீ கூப்பிட்டால் வருவார்.

அம்மா


ரோக்காஸ்பினா,
திருவருகைக் காலம், டிசம்பர்

மிரெல்லாவுக்கு,

உன் ஞானத்தகப்பன் அடக்கத்துக்கு வர டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொன்னாய். இருக்கலாம். உன் வாசகர்களுக்கு மட்டும் எப்படியோ கிடைத்துவிடுகிறது.

போனில் அழுதுகொண்டே எப்படி நடந்தது என்று கேட்டாயே. அப்போது என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

திராட்சைப் பறிப்பும் அதற்குப் பிந்திய வேலையுமாக எங்களுக்குத் தலை நிமிர நேரமில்லை. அறுவடையைப் படமெடுக்க வேறு உன் கூட்டம். இடையில் ஒருமுறை அப்பா புது ஒயின் ஒரு குடுவை கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரேஸ்தே அதே கதவிடுக்கில் நின்று வாங்கிக்கொண்டார். துல்லியோ, தான் மொழிபெயர்த்த அவமானத்தில், அந்தத் தெருப்பக்கமே போவதில்லை. எதிர்வீட்டு யோலேதான் அவர் ஜன்னலைப் பார்க்கிறவள். கட்டம் போட்ட துணியைத் துவைத்து ஜன்னலில் காயப்போட்டிருந்தாராம். துணி தொங்குகிறது, ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று இருந்துவிட்டாள். மழை பெய்தது. துணி நனைந்தது. காய்ந்தது. மறுபடி மழை பெய்தபோதும் அது உள்ளே போகவில்லை. அப்போதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

சமையலறையில் நாற்காலியில் இருந்தபடியே போயிருந்தார். என்றைக்கு என்று மருத்துவரால்கூடத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

மதிய மணி அடித்தும் ஒரேஸ்தே வரவில்லை என்றால் கத்தியோடு ஓடிய ஊர் இது, மிரெல்லா. தினமும் வருகிறவன் ஒருநாள் வராவிட்டால் தெரியும். வராமலே இருக்கிறவன் வராததை யார் கவனிப்பது? அந்த இடம் காலியாக இருந்திருந்தாலாவது கண்ணில் உறுத்தியிருக்கும். அது காலியாகவும் இல்லை. தினம் ஒருவர் சிரித்த முகத்தோடு அதில் உட்கார்ந்திருந்தார். நாங்களும் போய்ப் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பாவத்தில் உன் பங்கை நான் சுமக்கமாட்டேன், என் பங்கை உன் தலையில் வைக்கவும் மாட்டேன்.

உன் புதுக் கட்டுரையைத் துல்லியோ கொண்டுவந்தான். இந்தத் தடவை உரக்கப் படிக்கவில்லை, போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றான். 'பகிர்ந்துண்ட பெரியவருக்குப் பிரியாவிடை.' நன்றாக எழுதியிருக்கிறாய். நான் அழுதேன். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதற்கு இதைவிட அழகாக யாரும் எழுத முடியாது. அதன் அடியிலே வசந்தகாலத்தில் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நீயே நேரில் வந்து அந்த மேஜையைக் காட்டப்போவதாகவும் இருந்தது. அவருக்காக வர முடியாத நீ, அவருடைய நாற்காலியைக் காட்ட வருகிறாய். அந்த நாற்காலியில் பூ வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லி எனக்குத் தனியாக வேறு செய்தி.

படம் வராது. அப்பா ஒலிவக்கிளையை அவிழ்த்து அடுப்பில் போட்டுவிட்டார். நானும் தடுக்கவில்லை. இந்த வருஷத்து ஒயினை மொத்தமாகக் கீழ் ஊர்க் கூட்டுறவுக்குக் கொடுத்துவிட்டோம், எங்களுக்கு வேண்டியது ஒரு பீப்பாய் போக. வாசலில் இனி எதுவும் தொங்காது. உன் பன்னிரண்டு பேரிடம் சொல்லிவிடு, வீணாக மலையேறி வரவேண்டாம்.

மதியத்தில் துல்லியோவும் யோலேயும் தபால்கார மாமாவும் பின்கதவைத் தட்டிவிட்டு வருகிறார்கள். அவரவர் பொட்டலத்தோடு. எங்கள் சமையலறை மேஜையில் பிரித்துச் சாப்பிடுகிறோம். எல்லோருமே கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள், மிஞ்சுகிறது.

நீ வருவதானால் தனியாக வா. முன்வாசலில் கிளையைத் தேடாதே, பின்கதவைத் தட்டு. உன் சாப்பாட்டை உன் கையாலேயே செய்து கட்டிக்கொண்டு வா, அடிப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. ஒருத்திக்கு வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கட்டு. உன் ஞானத்தகப்பன் அத்தனை வருஷமும் அப்படித்தான் கட்டினார், பள்ளிக்கூடம் விட்டு நீ பசியோடு வருவாய் என்று.

கட்டம் போட்ட துணியை யோலே கொண்டுவந்து கொடுத்தாள். துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். அது உனக்குத்தான்.

ஆண்டவர் உன்னைப் பசியோடு எவர் பக்கத்திலும் உட்கார வைக்காமல் காக்கட்டும்.

அம்மா எர்சீலியா