திரையில் அறுத்த இரும்பு

மே 6, திங்கள்

மாவு மில்லிலிருந்து வந்தால் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. மூடிப்போன தொழிற்பள்ளியின் பயிற்சி மேசையை யாரோ தூக்கிவந்து போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். கணினி, திரை, குமிழ்கள், நடுவில் தக்காளி அளவுக்கு ஒரு சிவப்புப் பொத்தான். என் வீட்டுக்காரர் பாஷி மபாலோ என் நல்ல துண்டை எடுத்து அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்.

இத்தனை வருஷமும் அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு இரும்பு வெட்டக் கற்றுக்கொடுத்தது இதில்தான். எல்லாம் திரையில். வெட்டும் உளி இடித்து உடைந்தால் ரீசெட்டை அமுக்கினால் போதும், புதுசாக வந்து நிற்கும். நிஜ எந்திரத்தைப் பள்ளி கடைசி வரை வாங்கவில்லை.

"ன்ஷிமாக் களியாவது நிஜமா வேணுமா வாத்தியாரே, இல்ல அதையும் படத்துலயே சாப்பிட்டுக்கிறீங்களா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒரே ஒரு துண்டு, பனா மபாலோ. சாகறதுக்குள்ள நிஜமான உலோகத்துல ஒரு துண்டாவது நான் வெட்டிப் பாக்கணும்."

மகள் மபாலோ பிறந்த நாளிலிருந்து அவர் பாஷி, அவளுடைய அப்பா; நான் பனா, அவளுடைய அம்மா. அதுதான் எங்கள் பெயர். அவளோ தலைநகர் லுசாகாவில் இருக்கிறாள். இந்த மனுஷனோடு மல்லுக்கட்ட நான் மட்டும்தான்.

ஜூன் 2

பின்வாசலில் துணி காயப்போட வழியில்லை. நிஜ எந்திரத்தை அவரே கட்டுகிறார். சதுரக் குழாய், பழைய நகலெடுக்கும் மிஷினின் மோட்டார்கள், சந்தையில் வாங்கிய மரம் குடையும் மிஷின். அதுதான் உளியைச் சுழற்றுமாம். மேசையிலிருந்து குமிழ்ப் பலகையைச் சிவப்புப் பொத்தானோடு அப்படியே கழற்றி இதில் பொருத்திவிட்டார். ஒரு ஒயரைக்கூட மாற்றவில்லை. பழகின கைக்கு எல்லாம் பழைய இடத்திலேயே இருக்கவேண்டுமாம்.

ஜூன் 19

குமிழைத் திருகினார், எந்திரம் விரல்கடை தூரம் நகர்ந்தது. அழுதுவிட்டார். நானும்தான், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிக்கொண்டேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஆஸ்பத்திரி. எழுத முடியவில்லை.

ஜூலை 16

எங்கள் மில்லுக்கு பெல்ட் ஓடும் புல்லி ஒன்று வேண்டியிருந்தது. ஞாயிறன்று அதைத்தான் முதல் துண்டாக வெட்டினார், அலுமினியத்தில். நான் வாசற்படியில் உட்கார்ந்து பார்த்தேன். வெள்ளை வெள்ளையாகத் துகள் பறந்தது. "பாத்தியா, நிஜம்!" என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகம் இல்லை.

பாதியில் கரண்ட் போனது. இங்கே போகாத நாள் ஏது? அவர் பதறவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவாரே, அதே மாதிரி சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பிறகு உளியைச் சுற்றி அடைத்திருந்த துகளைக் கையால் எடுக்கப் போனார். திரையில் துகள் விழாது. அதை எடுக்க யாரும் கை நீட்டியதே இல்லை.

கரண்ட் வந்தது.

அந்தப் பொத்தான் கணினியோடு மட்டும்தான் பேசும். உளி சுழல்கிற மிஷினுக்கு அதோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதன் சுவிட்ச் போட்டது போட்டபடியே இருந்தது.

மூன்று விரல். வலது கை. ஐயோ, இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது?

ஜூலை 21

மருந்து மயக்கத்தில் இருக்கிறார். இடது கட்டைவிரலால் கட்டில் கம்பியை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன வேணும், தண்ணியா?" என்று குனிந்தேன்.

"ரீசெட் எங்க?" என்றார்.

வெளியே வந்து நடையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 18

வீட்டுக்கு வந்தபின் அவர் பின்வாசல் பக்கமே போகவில்லை. பக்கத்து வீட்டு பா கலும்பு வந்து, அந்தச் சனியனை எடைக்குப் போட்டுவிடலாமே என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் அவரை விரட்டாத குறை. ஏன் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது?

செப்டம்பர் 8

கேட்டே விட்டேன். "பாதிப் புல்லி அப்படியே கிடக்கு. ஒயரை மாத்துவோம். பிளக்கை நான் பிடிச்சுக்கிறேன், நீங்க சொன்னாத்தான் சொருகுவேன். உங்க ஆசைதானே அது?"

"வெட்டியாச்சு," என்றார். "பாதி போதும்."

சாப்பாட்டை மூடி வைத்தேன். இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

செப்டம்பர் 30

மில்லிலிருந்து வந்தபோது பின்வாசலில் கொடி கட்டித் துணி காய்ந்துகொண்டிருந்தது. எந்திரம் இல்லை. சுவரோரம் வெறும் குழாய்கள் சாய்ந்திருந்தன.

கூடத்தில் பழைய மேசை. பலகையை ஒற்றைக் கையால் எப்படித்தான் திரும்பப் பூட்டினாரோ! திரையில் உளி சுற்றுகிறது. வேண்டுமென்றே கொண்டுபோய் இடித்தார், உடைந்தது. ரீசெட்டை அமுக்கினார். எல்லாம் புதுசாக வந்து நின்றது. மறுபடி இடித்தார்.

"இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகாது," என்றார், என்னைப் பார்க்காமல்.

கேலி பண்ண வாய் வரவில்லை. மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்காரும் முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க வாத்தியாரே. முதல்ல எதைத் தொடணும்?"

 அவர் கட்டுப் போட்ட கையை மடியில் ஒளித்துக்கொண்டார்.

"முதல்ல சிவப்புப் பொத்தான். அது நிறுத்துதான்னு பாத்துக்கோ."

அமுக்கினேன். திரையில் எல்லாம் நின்றது.