ஜெபாவிடம் பேசாத வாரம்

நவம்பர் 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பொங்கலூரிலிருந்து கல்லூரி வரை பஸ்ஸில் நின்றபடியே. துறை வாசல் கரும்பலகையில் செய்தி எழுதும் முறை இந்த மாதம் எனக்கு. இன்று ஐந்து: நூல் விலை, நொய்யலில் தண்ணீர், மூலனூர் சந்தைக்கு முருங்கை வரத்துக் குறைவு, தேர்வுக் கட்டணம், கிரிக்கெட்.

வகுப்பில் பக்கத்தில் ஜெபா மறுபடி தூங்கிவிட்டாள். அவள் அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் கல்லூரி விட்டதும் பனியன் கம்பெனியில் துணியில் பழுது பார்க்கும் செக்கிங் வேலைக்கு, அவருக்குப் பதில் ராத்திரி வரை இவள் போகிறாள். காரணம் தெரிந்தால் திட்டமாட்டார் என்று நினைத்து மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். சத்தியமாக அதற்குத்தான். மேடம் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். "படிப்பா பனியனான்னு முடிவு பண்ணிக்கம்மா." யாரோ சிரித்தார்கள்.

படிக்கட்டில் ஜெபா: "ஒங்கிட்ட மட்டுந்தானட்டி சொன்னேன்." கோபம்கூட இல்லை குரலில். எனக்குத்தான் வந்தது. "நல்லது பண்ணுனா இப்படித்தான். நன்றி கெட்டவ" என்றேன்.

நவம்பர் 12, புதன்

ஜெபா கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். நானும் திரும்பிப் பார்க்கவில்லை. தனியாகச் சாப்பாடு. எலுமிச்சை சாதம், உப்பே இல்லை. ரெக்கார்டு நோட் பாக்கி. குடை ரிப்பேர்.

நவம்பர் 13, வியாழன்

ஜெபா வரவில்லை. வீம்பு. இருக்கட்டும்.

பலகையில்: மாவட்டத்தில் காய்ச்சல் பரவுகிறது, வீட்டருகே தண்ணீர் தேங்க விடாதீர்கள். "தேங்க"வில் புள்ளி விட்டுப்போய்த் திருத்தினேன்.

நவம்பர் 14, வெள்ளி

இன்றும் இல்லை. சாயங்காலம் அம்மா கேட்டது: "ஏங்கண்ணு, அந்தத் தூத்துக்குடிப் புள்ள பேச்சே காணோம்? ஒரு போனு போட்டுக் கேளு."

"அவளே போடட்டும்."

மெசேஜ் மூன்று முறை அடித்து, மூன்று முறையும் அழித்தேன்.

நவம்பர் 17, திங்கள்

ஜெபா இறந்துவிட்டாள்.

நேற்றுக் காலை. டெங்கு. புதன் சாயங்காலமே காய்ச்சலாம். சனிக்கிழமை கோவைக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். துறைத் தலைவர் வகுப்புக்கு வந்து சொன்னார். எழுந்து நின்றோம். ரோட்டில் லாரி ஆரன்.

பேப்பரில் ஏழாம் பக்கம், நாலு வரி. பெயர் ஜெயசெல்வி என்று போட்டிருக்கிறான். வயதும் தப்பு.

மேடம்: "நீ உக்காரும்மா. பலகைல இன்னிக்கு வேற யாராச்சும் எழுதட்டும்."

"இல்லீங்க மேடம். நானே எழுதறேனுங்க."

பலகையில்: ஜெபசெல்வி, இரண்டாம் ஆண்டு கணிதம். வேறு செய்தி எழுதவில்லை. திரும்பினால் மேடம் அழுதுகொண்டு நிற்கிறார். அவர்மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். வரவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

அடக்கம். கல்லறைத் தோட்டத்து கேட் வரை போனேன். உள்ளே போகவில்லை. பாட்டு மட்டும் கேட்டது.

நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை. ஜெபா வீட்டுக்குப் போனேன். லைன் வீடு, மூன்றாவது கதவு. அவள் அம்மா மட்டும்தான். "வாம்மா" என்று கட்டிலில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு கேட்டார்.

"கடைசியா என்னம்மா பேசிக்கிட்டிய ரெண்டு பேரும்?"

பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பரீட்சை பற்றி, சினிமா பற்றி, எதையாவது.

"சண்டைங்கம்மா. நாந்தான் திட்டுனேன். அப்புறம் பேசவே இல்லீங்க."

முந்தானையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"தெரியும்மா. சொன்னா. 'அவளால ரெண்டு நாளைக்கு மேல பேசாம இருக்க முடியாதும்மா, இப்ப வந்திருவா பாரு'ன்னா. வெள்ளிக்கெழம பூரா வாசலையே பாத்துக்கிட்டு கெடந்தா."

நான் அழுதேன். அவர் அழவில்லை. எழுந்துபோய்த் தட்டு எடுத்து வைத்தார். சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

சாப்பிட்டேன்.