மேல்மாடி வாடகை போய்ச் சேர்ந்த இடம்

பிப்ரவரி 3, வெள்ளி

மேல்மாடியில் குடியிருக்கும் ஆர்னல் எனக்கு இரண்டு மாத வாடகை தரவில்லை. தராததோடு, கொடுத்துவிட்டேன் என்று என் முகத்தைப் பார்த்தே சொல்கிறான். நடந்த அநியாயம் இதுதான். வேறு எதையும் எழுதுவதற்கு முன் இதை எழுதிவிடுகிறேன். டோரீனுக்கு வயதாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.

ஜனவரியில் வாயைத் திறக்காமல் இருந்தேன். கிறிஸ்துமஸ், ஊருக்குப் பணம், பிலிப்பைன்ஸில் காத்திருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் விமானச் சீட்டு என்று ஆயிரம் செலவு இருக்கும், தானாகத் தருவான் என்று விட்டேன். பிப்ரவரியும் வந்தது. இன்று காலை படியில் வைத்துக் கேட்டுவிட்டேன்.

"அனுப்பிட்டேனே தீத்தா. ஒண்ணாந்தேதியே அனுப்பிட்டேன். போன மாசமும் அப்படித்தான்." தீத்தா என்றால் அவர்கள் ஊரில் அத்தை.

"எங்கே அனுப்பினே, நிலாவுக்கா?"

போனை எடுத்து நீட்டினான். பச்சை நிறத்தில் ஒரு டிக். நான் உள்ளே போய் டேப்லெட்டை எடுத்துவந்து என் கணக்கை நீட்டினேன். அதில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் வாசல் குளிரில் ஆளுக்கொரு திரையை நீட்டிக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டுக்காரர் கார் எடுக்க வந்தவர் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டார்.

என்னை ஏமாற்ற முடியாது. ஹீட்டர் பழுதுபார்க்க நானே கற்றுக்கொண்டேன், வங்கி வேலையை டேப்லெட்டில் செய்யவும் நானே கற்றுக்கொண்டேன். முதல் தேதி வாடகைப் பணம் மின்னஞ்சலில் வரும். அனுப்பியவர் ஒரு கேள்வி வைத்திருப்பார், சரியான பதிலை எழுதினால்தான் பணம் கைக்கு வரும். ஊரில் எல்லோரும் எப்போதும் ஒரே கேள்வியை வைப்பார்கள், நாய் பெயர், பிறந்த ஊர் என்று. ஆர்னல் மட்டும் மாதம் ஒரு கேள்வி. "நேத்து தீத்தா கருக விட்டது எது?" பதில்: வெங்காயம். "சனிக்கிழமை பனி அள்ளினது யார்?" நான் என்று எழுதினேன், திறக்கவில்லை. ஆர்னல் என்று எழுதினேன், திறந்தது.

இந்த ஜனவரியிலிருந்து கேள்வியும் இல்லை, பணமும் இல்லை. அதற்குப் பதில் முதல் தேதியில் ஒரு மோசடி மின்னஞ்சல். ஆர்னல் பெயரையே போட்டு, பணம் உங்கள் கணக்கில் தானாகவே சேர்ந்துவிட்டது என்கிறான். இந்த மாதமும் வந்தது. மாதா கோவில் கூடத்துக்கு வந்த போலீஸ்காரர் படித்துப் படித்துச் சொன்னாரே, வழக்கத்துக்கு மாறாக எது வந்தாலும் தொடாமல் அழியுங்கள் என்று. அழித்துவிட்டேன், இரண்டையும். என் கணக்கில் சேரவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரிகிறது, அப்படியானால் அது பொய்தானே?

பிப்ரவரி 5, ஞாயிறு

கடுங்குளிர். இன்ஜின் உறையாமலிருக்கக் காரை ராத்திரி முழுக்க பிளக்கில் சொருகி வைத்திருந்ததால் கோவிலுக்குக் கிளம்பிற்று. பீட்ரூட் சூப், ரை மாவு ரொட்டி, தொலைக்காட்சியில் பனித்தரையில் கல்லைத் தள்ளிவிடும் கர்லிங். எங்கள் மாகாணம் மானிடோபாவின் பெண்கள் ஜெயித்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லாத நாள், அந்த ஒன்றைத் தவிர.

நகராட்சி வண்டி ஒதுக்கிவிட்டுப் போன பனி மேட்டை ஆர்னல் வழக்கம்போல வெட்டி வழிசெய்திருக்கிறான். வாடகை தராதவன் எதற்குப் பனி அள்ளுகிறான்? இது என்ன மாதிரித் திருடன்?

பிப்ரவரி 9, வியாழன்

கோவில் அடித்தளத்தில் பெரோகி, அதாவது எங்கள் உக்ரேன் கொழுக்கட்டை, மடிக்கும் நாள். உருளைக்கிழங்கை வைத்து ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி விரல் மரத்துப்போனது. பக்கத்தில் என் கோவில் சிநேகிதி ஸ்டெஃபா. விஷயத்தைச் சொன்னேன்.

"இளகிடாதே டோரீன். கதவுல நோட்டீஸ ஒட்டு. சிரிச்சுச் சிரிச்சுப் பேசறவங்கதான் தலையில மிளகாய் அரைப்பாங்க."

"அவன் அப்படிப்பட்டவன் இல்ல."

"உன் தம்பி மெட்ரோவையும் அப்படித்தான் சொன்னே. இடுப்பெலும்பு உடைஞ்சு நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ உங்க ரெண்டு பேருக்கும் பொதுவான ஏரிக்கரைக் குடிலை வித்துட்டானா இல்லையா?"

அவளுக்கு ஓரம் சரியாகக் கிள்ள வராது. வெந்நீரில் போட்டால் பாதி வாய் பிளக்கும். அதை நான் சொன்னேனா?

மெட்ரோவும் நானும் பேசி வருடங்களாயிற்று. முதலில் பேச வேண்டியவன் அவன். அம்மா வீட்டை விற்றபோது வக்கீலுக்காக இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் முகவரி வாங்கினோம். இன்றுவரை இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். அவன் மாத்திரைக் கடைச் சீட்டும் என் விதைக் கடைச் சீட்டும் ஒரே பெட்டியில் வந்து விழும். அவனுடையதை நான் திறப்பதில்லை, என்னுடையதை அவனும் திறப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். மாத்திரைச் சீட்டு வந்தால் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். அவ்வளவு போதும்.

பிப்ரவரி 10, வெள்ளி

நோட்டீஸை மேல்மாடிக் கதவில் ஒட்டினேன். மாதக் கடைசிக்குள் பணம், இல்லையென்றால் வீடு காலி. குளிருக்குத் தாங்கும் நல்ல டேப்பாகப் பார்த்து ஒட்டினேன்.

பிப்ரவரி 14, செவ்வாய்

ஆர்னல் படியில் என்னைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி ஏறிப்போனான். போகட்டும். விதைக் கடைப் புத்தகம் வந்தது. இந்த வருடம் மஞ்சள் தக்காளி.

பிப்ரவரி 15, புதன்

வாசல் அறையில் ஒரு பெரிய அட்டைப் பெட்டி வந்து நிற்கிறது. குட்டிக் கட்டில், மேலே படம் போட்டிருக்கிறது. மார்ச்சில் வருகிற மகளுக்கு. அவன் அதை மேலே கொண்டுபோகவில்லை, பிரிக்கவும் இல்லை. கடைக்குப் போன் செய்து, பிரிக்காமல் இருந்தால் திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று அவன் விசாரித்தது சுவர் வழியாகக் கேட்டது.

இதற்கு நானா பொறுப்பு? பணம் வரவில்லை என்றால் வரவில்லை.

பிப்ரவரி 16, வியாழன்

பெரோகிக்குப் போகவில்லை. சாயங்காலம் ஆர்னல் கதவைத் தட்டினான். ஆஸ்பத்திரிச் சமையலறை உடுப்பைக்கூட மாற்றாமல் நின்றான்.

"பேங்க்ல போய்க் கேட்டேன் தீத்தா. பணம் போய்ச் சேர்ந்தாச்சாம், திருப்ப முடியாதாம். சரி, மறுபடியும் தரேன். சம்பளம் வர வரக் கொஞ்சம் கொஞ்சமாத் தரேன். என் பொண்டாட்டியும் பொண்ணும் வந்து இறங்கறப்போ அவங்களை எங்கே கூட்டிட்டுப் போறது? நீங்களே சொல்லுங்க."

நான் கதவுப் பிடியை விடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லிடுங்க. நான் என்ன தப்பு பண்ணேன்? என் கேள்வி பிடிக்கலைன்னா நேரா சொல்லியிருக்கலாமே. அதுக்குப் போய் நிறுத்திட்டீங்களே."

"நான் எங்கேடா நிறுத்தினேன்? நீதான் நிறுத்தினே."

"நீங்கதானே பேங்க்ல சொல்லி, பணம் தானா சேர்ற மாதிரி மாத்தினீங்க? அப்படி மாத்திட்டா அனுப்பறவங்க கேள்வி வைக்க முடியாது. உங்க முகவரியைப் போட்டதும் உங்க நிஜப் பேர்கூட வந்துதே."

"என்ன நிஜப் பேர்?"

"டிமித்ரோ பாவ்லுக்."

படியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் பனி ஈரம், அதுகூடத் தெரியவில்லை.

"டிமித்ரோ ஆம்பளப் பேர்டா!"

"எனக்கு எப்படித் தெரியும்? உக்ரேன் பேராச்சே, பொம்பளைக்கும் வைப்பாங்க போலன்னு நெனச்சேன். எங்க ஊர்ல எல்லாருக்கும் பேப்பர்ல ஒரு பேரு, வீட்ல ஒரு பேரு. என்னையே வீட்ல போயெட்னுதான் கூப்பிடுவாங்க. எங்கம்மா பேர் கொராசோன், ஊருக்கெல்லாம் அவங்க பேபி. எழுபது வயசு பேபி. டோரீன்னு உங்களை வீட்ல கூப்பிடறாங்கன்னு நெனச்சுட்டேன்."

அவன் எதிரில் நான் சிரிக்கவில்லை. உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டுத்தான் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. டிமித்ரோ என்பது மெட்ரோவின் ஞானஸ்நானப் பெயர். பணம் மெட்ரோவிடம் இருக்கிறது.

பிப்ரவரி 18, சனி

நேற்று எழுதவில்லை. எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

யோசிக்கிறேன். நான் எந்தத் தவறும் செய்யவில்லை. என் கணக்கில் பணம் வரவில்லை, நோட்டீஸ் கொடுத்தேன், சட்டம் அதைத்தான் சொல்கிறது. தவறான ஆளுக்கு அனுப்பியவன் ஆர்னல். அப்படியானால் அவனே போய் மெட்ரோவிடம் கேட்கட்டும். ஆனால் எந்த மெட்ரோ, எங்கே இருக்கிறான் என்று நான்தானே சொல்ல வேண்டும்? முன்பின் தெரியாத ஒருவன் போய்க் கேட்டால் மெட்ரோ கதவைத் திறப்பானா? மாட்டான், எனக்குத் தெரியாதா அவனை.

நான் கேட்க வேண்டும். நானா! குடிலை விற்றவனிடம் நானா முதலில் போன் செய்வது?

ஆர்னல் மறுபடியும் தருகிறேன் என்கிறான். வாங்கிக்கொண்டால் நான் யாரிடமும் பேச வேண்டியதில்லை. அவன் ஒரே வாடகையை இரண்டு தடவை கொடுத்தவன் ஆவான், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா, டோரீன்?

கட்டில் பெட்டி இன்னும் வாசலில் இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டுதான் வெளியே போக வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 20, திங்கள்

விடுமுறை. காலையில் காபி குடித்துவிட்டு, இன்னொரு காபியும் குடித்துவிட்டு, போன் செய்தேன்.

"என் பணத்தைக் கொடு," என்றேன்.

"நல்லா இருக்கியான்னுகூடக் கேக்க மாட்டியா அக்கா?" என்றான். குரல் அப்பா குரல் மாதிரி ஆகிவிட்டது.

"நல்லா இருக்கேன். பணம்."

"அப்படியே இருக்கு, ஒரு காசு தொடலை. கிறிஸ்துமஸுக்கு என் பொண்ணு புது போன் வாங்கிக் கொடுத்தா. பேங்க் என்னென்னமோ கேட்டுச்சு, எல்லாத்துக்கும் ஆமான்னு அமுக்கினேன். முகவரி கேட்டுச்சு, நம்ம முகவரியைக் கொடுத்தேன். வேற முகவரிக்கு நான் எங்கே போவேன்? ஒண்ணாந்தேதி பாத்தா உன் ஆளு பணம் எனக்கு வந்து நிக்குது."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லலை?"

"ரெண்டு மாசமா உன் போனுக்குத்தான் காத்துட்டிருக்கேன். பணம் எங்கேன்னு கேக்கவாவது கூப்பிடுவேன்னு பாத்தேன்."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! "ஒரு குடும்பத்தைத் தெருவுல நிறுத்தப் பாத்தியேடா, படுபாவி!"

"நோட்டீஸ் கொடுத்தது நானா?"

போனை வைத்துவிட்டேன். நோட்டீஸ் விஷயம் அவனுக்கு எப்படித் தெரியும் என்று பிறகுதான் தோன்றியது. வாடகை அலுவலகம் அனுப்பிய நோட்டீஸ் படிவம் எங்கள் பொது மின்னஞ்சலுக்குத்தானே வந்தது. எல்லாவற்றையும் படிக்கிறான்!

மதியம் பின்வாசலில் வேன் சத்தம். ஊரின் மறுகோடி டிரான்ஸ்கோனாவிலிருந்து மெட்ரோ இந்தக் குளிரில் வந்திருக்கிறான். ஒரு காலில் நின்று பூட்ஸைக் கழற்ற முடியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டான். கிழவனாகிவிட்டான். பணத்தை உறையில் போட்டு மேஜையில் வைத்தான்.

"குடிலைப் பத்திப் பேச வரலை," என்றான்.

"பேசாதே."

"பேசலை."

பெரோகி சூடாக்கினேன். தட்டை நீட்டினான், மறுபடியும் நீட்டினான். "ஸ்டெஃபா கிள்ளினதா இது? வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது," என்றான். இத்தனை வருடத்தில் அவன் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

ஆர்னல் வேலை முடிந்து வந்தான். மெட்ரோ அவனை ஏற இறங்கப் பார்த்தான். "நீதானா அந்தக் கேள்வி வைக்கிற ஆளு? நான் மாசாமாசம் தொறந்து கேள்விய மட்டும் படிச்சிட்டு மூடிடுவேன். பனி அள்ளினது யாருன்னு கேட்டியே, இவ தன் பேரைத்தான் எழுதியிருப்பான்னு என் பொண்ணுகிட்ட பந்தயமே கட்டினேன்."

"ஜெயிச்சுட்டீங்க, டிமித்ரோ தீத்தா," என்றான் ஆர்னல். இரண்டு பேரும் என் சமையலறையில், என் மேஜையில், என்னைச் சொல்லிச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 21, செவ்வாய்

நோட்டீஸை நானே போய் எடுத்தேன். வெந்நீர்த் துணி வைத்துத் தேய்க்க வேண்டியிருந்தது. கொஞ்சம் பெயின்டும் சேர்ந்து வந்துவிட்டது. ஆர்னல் கதவைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"டேப் நல்ல டேப்," என்றேன்.

"ஆமாம் தீத்தா."

"கீழ அந்தப் பெட்டி வழியை மறைச்சுட்டிருக்கு. பிரி."

மன்னிப்பு என்று ஒருத்தர் எதிர்பார்த்தால், அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது. அவன் கத்தியை எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடின சத்தத்தைக் கேட்டால் அது போதும் போலிருக்கிறது.

மார்ச் 1, புதன்

வாடகை வந்தது. எனக்கு.

மார்ச் 11, சனி

நாளை மறுநாள் அவர்கள் வந்து இறங்குகிறார்கள். இன்னும் செய்ய வேண்டியவை, யார் யார் என்பதோடு. சமையலறைக் கதவில் ஒட்ட ஒன்று எழுதிவிட்டேன், இது எனக்கு.

மெட்ரோ: விமான நிலையத்துக்கு வேன் கொண்டுவர வேண்டும். என் காரில் நாலு பேரும் பெட்டிகளும் அடங்காது. முன்னால் உட்கார்ந்து தான் ரயில்வேயில் வேலை பார்த்த கதையைப் பேசக் கூடாது. அவர்கள் களைத்திருப்பார்கள்.

ஆர்னல்: இரண்டு பேருக்கும் கோட், பூட்ஸ், கையுறை எடுத்துக்கொண்டு போக வேண்டும். விமான நிலையத்து உள்ளேயே போட்டுவிட வேண்டும், வெளியே வந்து அல்ல. முதல் நாள் வேலைக்குப் போகக் கூடாது.

ஸ்டெஃபா: பெரோகி கொடுத்தனுப்புகிறேன் என்கிறாள். வேண்டாம் என்று யாராவது சொல்ல வேண்டும். மெட்ரோ சொல்லட்டும்.

நான்: மேல்மாடிக் கதவில் பெயின்ட் போன இடத்தைப் பூச வேண்டும். ஹீட்டரைக் கூட்டிவைக்க வேண்டும், அவர்கள் வெயில் ஊரிலிருந்து வருகிறவர்கள். கோழி சூப், பெரிய பானையில்.

நானே: மேலே குழந்தை ஓடினால் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டக் கூடாது. முதல் வாரம் மட்டும்.