மஞ்சள் ஜாக்கெட்டில் கிடந்த கற்கண்டு

அண்ணை,

கடல் ஏறி வந்து ஊர்ச் சனத்தைக் கொண்டுபோன மார்கழிக்கு அடுத்த வருசம், ஆடியில் லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த அதே வருசம், கார்த்திகையில் நீங்கள் விழுந்தீர்கள். ஆண்டை இலக்கத்தில் எழுத எனக்குத் தெரியாது. இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல, உங்களை அறியாத பக்கத்து வீட்டுப் பெண்தான் எழுதுகிறாள்.

எங்கள் கூட்டாளி நேசனை அடக்கம் செய்து எட்டு நாளாகிறது. ஷெட்டைத் துப்புரவாக்கும்போது கிடைத்ததென்று அவனுடைய மகள் நேற்று ஒரு பையைக் கொண்டுவந்து தந்தாள். உள்ளே, சைக்கிளுக்கு நீங்கள் போடும் மஞ்சள் ஜாக்கெட். அன்று ஆம்புலன்ஸ்காரர் கழற்றிப் போட்டதை நேசன் எடுத்து வைத்திருக்கிறான். பொக்கற்றில் கடதாசி சுற்றிய கற்கண்டு, பிரிக்காமல் அப்படியே. அதைக் கையில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். எறியவும் மனமில்லை, வாயில் போடவும் துணிவில்லை.

ரயிலுக்குப் பயந்து எத்தனையோ பேர் சைக்கிளில் ஏறிய காலம் அது. நீங்கள் ஏறியது சுகருக்கு. குளிர் வந்தாலும் நிறுத்தக்கூடாது என்று டொக்டர் சொன்னதும் எங்கள் இருவரையும் சேர்த்து இழுத்தீர்கள். அறுபது தாண்டிய மூன்று பேர், விடிந்து வெளிச்சம் வந்தபின், மனோர் பார்க்கிலிருந்து வான்ஸ்டெட் புல்வெளியைச் சுற்றி ஒரு மணித்தியாலம். குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவது பற்றிக் கவுன்சில் தந்த தாளை எனக்காக உரத்து வாசித்தீர்கள். ஈரச் சருகில் பிரேக்கை இறுக்காதே, வளைவில் மிதிக்காதே, ரோட்டுக் கரையோடு ஒட்டாதே. சுகர் இறங்கினால் உடனே வாயில் போட, சுகர்க்காரர் பொக்கற்றில் இனிப்பு வைத்திருக்கவேண்டும். எல்லாம் இன்னும் உங்கள் குரலில் கேட்கிறது.

புறப்படுமுன் எங்களை வரிசையில் நிறுத்திச் சோதிப்பீர்கள்.

"அண்ணை, நாங்கள் போறது புல்வெளிக்கோ சந்திரனுக்கோ?" என்பான் நேசன்.

"உன்ர பின் லைட் செத்துப்போச்சு. பற்றரி மாத்தாமல் நீ வரேலாது."

"லைட் செத்தா மாத்தலாம். இந்தக் குளிரிலை நான் செத்தா?"

"உன்னை மாத்தித் தர ஒரு கடையும் இல்லையடா. போடு பற்றரியை."

அப்படிப்பட்ட நீங்கள்தான், அண்ணை.

அந்த வருசம் விசா இல்லையென்று என் மகனைத் தடுப்பு முகாமில் போட்டிருந்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். கந்தசட்டி ஆறு நாளும் விரதம் இருப்பதாக முருகனுக்கு நேர்ந்தேன். தொடங்குவதற்கு முதல் கிழமை என் வயிற்றுப் புண்ணில் இரத்தம் கண்டது.

"உன்ர நேர்த்தி விரதத்தை நான் பிடிக்கிறன். முருகன் ஆள் பாக்கமாட்டார்" என்றீர்கள்.

சுகர்க்காரனுக்கு விரதமே கூடாதென்று உங்கள் மனைவியான அக்கா எப்போதோ மறித்துவிட்டவர். அதனால் அவருக்குச் சொல்லவில்லை. இராச்சாப்பாடு மட்டும் வீட்டில். காலையில் அக்கா நீட்டிய சுகர்க் குளிசையை அவர் முன்னாலேயே விழுங்குவீர்கள். பாதி வழியில் மர வாங்கில் குந்திச் சாப்பிடவென்று அவர் பெட்டியில் போட்டுத் தந்த பால்புட்டை என் மடியில் வைப்பீர்கள்.

"எறிஞ்சாப் பாவம். நீ தின். வெறும் பெட்டியைக் கண்டாத்தான் அவள் நம்புவாள்."

நான் தின்றேன் அண்ணை. ஆறு நாளும் தின்றேன்.

ஆறாம் நாள் வாங்கில் இருந்து எழும்பும்போது உங்கள் கை நடுங்கியது. அந்தக் குளிரிலும் நெற்றி வியர்த்திருந்தது.

"அந்தக் கற்கண்டையாவது வாயிலை போடுங்கோ, அண்ணை."

"பின்னேரம் கோயில்லை சூரன் விழட்டும். பிறகு போடுறன்."

இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். பொக்கற்றுக்குள் கையை விட்டு நானே எடுத்துத் திணித்திருக்கலாம். ஆனால் மகனின் முகம் முன்னால் வந்தது. நேர்த்தி முறிந்துவிடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன். வளைவில் உங்கள் கால் மிதிப்பதை நிறுத்தியது. ஹாண்டில் ஆடியது. பின்னால் சாமான் வான் ஒன்று வந்தது.

சருகில் வழுக்கிவிட்டது என்று பொலிஸ் கேட்டதற்கும் சொன்னேன், அக்காவிடமும் சொன்னேன். நேசன் என்னைப் பார்த்தான். "சொல்லவேண்டியது நீ. நான் வாய் திறக்கமாட்டன்" என்றான். சாகும்வரை திறக்கவில்லை.

தையில் மகனுக்கு விசா வந்தது.

வெறும் பெட்டியை அன்று நான்தான் அக்காவின் கையில் கொடுத்தேன். திறந்து பார்த்துவிட்டு, "வயிறு நிறையச் சாப்பிட்டுத்தான் போயிருக்கிறார், தம்பி. எனக்கு அது போதும்" என்றார். வருகிற போகிற எல்லோருக்கும் அதையே சொல்கிறார். திவசத்துக்குத் திவசம், நீங்கள் கடைசியாகச் சாப்பிட்டது என்று பால்புட்டுப் படைத்து, முதல் பிடியை என் இலையில் வைக்கிறார். நாலு குளிர்காலமாக விழுங்குகிறேன்.

வருகிற கிழமை மறுபடி திவசம். போன மாதம் அக்காவும் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தார். இனி எத்தனை திவசம் என்று தெரியாது. சொன்னால் அந்தப் புட்டும் அவருக்கு இல்லாமல் போய்விடும். சொல்லாமல் அவரும் போய்விட்டால் நான் யாரிடம் போவேன் அண்ணை? ஒரு வழி சொல்லுங்கோ. இப்போதும் சைக்கிளை எடுக்குமுன் லைட், கையுறை, பிரேக் என்று நீங்கள் கேட்டபடி எனக்கு நானே கேட்கிறேன். கடைசியில் பொக்கற்றைத் தடவும்போது கை நின்றுவிடுகிறது.

நீங்கள் போனீர்கள், நேசன் போனான். என்னை மன்னிக்கவோ, வாசலால் துரத்தவோ உரிமையுள்ள ஆள் இன்னும் ஒருத்தர்தான் உயிரோடு இருக்கிறார்.

அது இராசமலர் அக்காதான்.