மொரிஸுக்குத் தகரக் கூரை

ராகலை,
27.10.1963

அன்புள்ள மகள் ஐவிக்கு,

அம்மா எழுதுவது. சர்வேசுரனுடைய தயவால் இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் அந்தச் சீமை ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்கு நடுவே வேளைக்குச் சாப்பிட்டு, கம்பளிச் சட்டையைக் கழற்றாமல் சுகமாக இருக்க வேண்டுமென்று தினமும் தேவமாதாவைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறேன். தம்பி றோலண்ட் ஏன் நுவரெலியா விலாசத்திலிருந்து கடிதம் போடுகிறான், வீட்டில் என்ன சண்டை என்று கேட்டிருந்தாய். மூன்று தரம் பதில் எழுதி மூன்றையும் அடுப்பில் போட்டேன். இப்போது விஷயம் ஒருவாறு முடிந்துவிட்டதால் எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் காரணம் அப்பாவின் கார். அந்தக் காரணத்துக்குக் காரணம் நான்.

நீ கப்பல் ஏறும்போதே அப்பாவுக்கு அந்த மொரிஸ் மேல் எவ்வளவு பைத்தியம் என்று உனக்குத் தெரியும். இப்போது இன்னும் முற்றிவிட்டது. தோட்டத்துப் பெரிய துரை சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன 36ஆம் வருஷத்து வண்டி, மேலே மடக்குகிற துணி ஹூட், வாங்கி ஐந்து வருஷமாகியும் அதில் ஒரு ஆணியைக்கூட மாற்ற விடமாட்டேன் என்கிறார். தேயிலைப் பெக்டரி இஞ்சினைக் கிடைத்த கம்பியை வைத்துக் கட்டி ஓட்டுகிற மனுஷன், இதற்கு மட்டும் அதே அளவில் அதே மாதிரி ஆணி வேண்டுமென்று கொழும்பில் பழைய இரும்புக் கடைகளில் ஒரு பகல் முழுவதும் குனிந்து தேடுவார். அவருடைய தகப்பனார் கல்லறையில் சிலுவை சாய்ந்து மூன்று வருஷமாகிறது, அதை நிமிர்த்த இன்னும் ஆணி கிடைக்கவில்லை. ஹூட் துணியோ கிழிந்து, ஒட்டுப்போட்டு, ஒட்டும் கிழிந்துவிட்டது. ஞாயிறு பூசைக்குப் போனால் நான் தீர்த்தத் தொட்டியில் விரல் வைக்க வேண்டிய அவசியமே இல்லை, தலையிலிருந்து கால்வரை நனைந்துதான் கோயிலுக்குள் போவேன். ஜூன் மாதம் செல்லசாமி கணக்கப்பிள்ளை மகளுக்குக் கல்யாணம். நீ வாங்கித் தந்த ஊதாப் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனேன். கல்யாண வீட்டு வாசலில் அப்பா பிரேக் பிடித்ததும் ஹூட்டில் தேங்கிக் கிடந்த ஒரு வாளித் தண்ணீர் அத்தனையும் என் தலையில் கொட்டியது. சாயம் ஒழுக ஒழுக ஒரு பெரிய கத்தரிக்காய் மாதிரிப் பந்தலுக்குள் நுழைந்தேன், அதற்குப் பிறகு மணப்பெண்ணை யாரும் பார்க்கவில்லை. அப்பா இறங்கி வந்து, என்னைப் பார்க்காமல் ஹூட்டைத் தடவிப் பார்த்து, "நல்ல வேள, கம்பி வளையல" என்றார். அந்த நிமிஷமே அந்த ஹூட்டின் ஆயுசை முடிப்பதென்று தீர்மானித்துவிட்டேன்.

ஆகஸ்டில் அப்பா கோயில் சபைக்காரர்களோடு தலவில ஊருக்கு, அன்னம்மாள் திருவிழாவுக்கு, ஒரு வாரம் போனார். அவர் ஏறிய பஸ் வளைவு திரும்புவதற்குள் நான் றோலண்டைக் கூப்பிடக் கராஜுக்கு ஆள் அனுப்பினேன். அங்கே வேலை கற்றுக்கொண்டதிலிருந்து அந்தக் காருக்கு நிரந்தரக் கூரை போட வேண்டுமென்று அவனுக்கு ஒரே அரிப்பு. இருந்தாலும் வந்து நின்று தலையைச் சொறிந்தான். "அம்மா, அப்பா என்னயக் கொன்னுருவாரு" என்றான். "கொல்ல மாட்டாரு, நான் பாத்துக்குறேன்" என்று வாக்குக் கொடுத்தேன். இதை நீ நன்றாகக் கவனி, வாக்குக் கொடுத்தவள் நான். ஐந்து நாளில் இரும்புச் சட்டம் அடித்து, நாகத்தகரம் வெட்டி, நல்ல கூரையாகப் போட்டான். வெயிலில் தகரம் தகிக்குமே என்று உள்பக்கத்துக்கு நான் துணி தைத்துக் கொடுத்தேன். கழற்றிய பழைய ஹூட்டை, அப்பா திரும்ப எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று அன்றைக்கே கொழுந்தெடுக்கிற பேச்சியம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அதை ஐந்து துண்டாக வெட்டித் தன் கூட்டத்துப் பெண்களோடு பங்கு போட்டு, மலையில் மழை ஈரத்துக்கு இடுப்பில் கட்டுகிற படங்காக்கிக்கொண்டாள்.

அப்பா வந்தார். தோளில் பையோடு காரை மூன்று சுற்றுச் சுற்றினார். தகரத்தை ஒரு விரலால் தட்டினார், டங் என்றது. "ஹூட் எங்க?" என்று கேட்டார். றோலண்ட் என் முகத்தைப் பார்த்தான். நான் கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தேன். "தூக்கிப் போட்டாச்சுப்பா" என்று அவன் சொன்னான். "அப்ப நீயும் போ" என்றார் அப்பா, சத்தம்கூடப் போடவில்லை. பையன் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், நான் வாயைத் திறப்பேன் என்று. திறக்கவில்லை மகளே. எதற்குப் பயந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை, உன் அப்பா என்மேல் ஒரு நாள்கூடக் கை ஓங்கியவர் அல்ல. அவன் ஒரு வார்த்தைகூட என்னைக் காட்டிக்கொடுக்காமல் பெட்டியை எடுத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் போய்விட்டான். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் ஏன் அழுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் காரும் வாசலில் நின்றது, அப்பாவும் அதைத் தொடவில்லை. இந்த மாதம் இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் வீரய்யா கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து, சுற்றிச் சுற்றிப் பேசினார். கடைசியில், "டீச்சரம்மா, ஐயாவுக்கு மேலுக்கு ஏதும் முடியலீங்களா? கொழுந்து நிறுக்குற எடத்துல வந்து நின்னுக்கிட்டு பொம்பளைங்க இடுப்பையே பாக்குறாருங்க, அவளுங்க சிரிக்கிறாளுங்க" என்றார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. பேச்சியம்மா இடுப்பில் ஹூட்டின் பித்தளைப் பொத்தான் மின்னியிருக்கிறது. அப்பா கிட்டே போய், அந்தத் துணியைத் திருப்பித் தரச்சொல்லி மெதுவாகக் கேட்டாராம். அவளா தருகிறவள்? "ஐயா, இந்தத் துணி காருல இருந்தப்ப டீச்சரம்மாவ நனைச்சிச்சு. எங்க இடுப்புல ஒரு சொட்டு எறங்கல. அது யாருகிட்ட இருக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று எல்லோருக்கும் முன்னால் கேட்டிருக்கிறாள். யார் கொடுத்தது என்று அப்பா கேட்டதற்கு மட்டும், றோலண்ட் தம்பி வீசியதைப் பொறுக்கிக்கொண்டோம் என்று பொய் சொல்லிவிட்டாள். எனக்காக ஒரு பாவமும் அறியாத பையன் வீட்டை விட்டுப் போனதும் போதாமல், இப்போது பேச்சியம்மாவும் பொய் சொல்கிறாள் என்றதும் என்னால் தாங்க முடியவில்லை. அந்தச் சனிக்கிழமையே பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். சுவாமியார் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் இருமினார், அது இருமலா சிரிப்பா என்று சர்வேசுரனுக்குத்தான் தெரியும். பிறகு புருஷனிடம் உண்மையைச் சொல்வதுதான் அபராதம் என்றார். நான் எழும்பும்போது, "அந்தத் தகரக் கூரையைக் கழற்ற முடியுமா?" என்று கேட்டார். இந்த வருஷம் மாதாவை ஊர்வலம் கொண்டுபோகிற சுற்றுப்பிரகாரத்துக்குத் தோட்டத்து லொறி கிடைக்காதாம், மாதா சுரூபத்தின் உயரத்துக்குத் திறந்த வண்டி வேண்டுமாம்.

அன்றைக்குச் சாயந்தரம் அப்பா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது சொன்னேன். கூரை போடச் சொன்னது நான், ஹூட்டைக் கொடுத்ததும் நான், வேண்டுமானால் என்னையும் வெளியே போகச் சொல்லுங்கள் என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைக்கவேயில்லை. "தெரியும்" என்றார். "உள்பக்கம் தச்சிருக்கிறது றோலண்டா? முப்பது வருஷமா ஒன் தையலப் போட்டுக்கிட்டுத் திரியுறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். எனக்கு வந்த கோபம்! முதல் நாளே தெரிந்திருந்தால் பையனை எதற்குத் துரத்தினீர்கள் என்று கத்தினேன். "ஒன்னயத் தொரத்திட்டு நான் எங்க போறது?" என்றார். பிறகு, என்னிடம் இல்லை, கோப்பையிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். "குடியிருந்த லயத்துக்குத் தகரம், பள்ளிக்கூடத்துக்குத் தகரம், கோயிலுக்கும் தகரம். பொறந்ததுலேருந்து தலைக்கு மேல தகரந்தான் மார்கிரட். தொர வச்சிருந்தப்ப அந்தக் காருக்கு மேல வானம் இருந்திச்சு. நான் வாங்குன ஒடனே அதுக்கும் தகரமா?"

கேட்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் நான் உன் அம்மா அல்லவா, விடுவேனா? "வானம் ஒங்களுக்கு, மழ எனக்குங்களா? ஓட்டுற பக்கம் ஹூட்டு கிழியவே இல்ல. கிழிஞ்சது பூரா நான் ஒக்காருற பக்கம்" என்றேன். "அப்புடியா?" என்றார். பொய்யாக இல்லை, நிஜமாகவே கேட்டார். ஐந்து வருஷமாகப் பக்கத்தில் நனைந்துகொண்டு வந்தவளைப் பற்றி அது அவருக்குப் புதுச் செய்தி. மறுநாள் பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் நுழையாதென்று உனக்குத் தெரியும். "மாதாவுக்குத் தல இடிக்குதாம், வந்து கழட்டு" என்று மட்டும் சொன்னாராம். பையன் கையிலிருந்த ஸ்பானரைக்கூட வைக்காமல் அப்படியே வந்துவிட்டான்.

போன ஞாயிறு சுற்றுப்பிரகாரம். கூரை இல்லாத காரின் பின் ஆசனத்தில் மாதாவை நிறுத்தி நாலு பக்கமும் கயிறு கட்டினார்கள். குலுக்கலில் சாயாமல் சுரூபத்தின் பாதத்தை யாராவது பிடிக்க வேண்டும், அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை. ஆகவே அவர் என் இடத்தில் பின்பக்கமாகத் திரும்பி முழங்காலில் நிற்க, முதல் தடவையாக றோலண்டின் கைக்கு ஸ்டியரிங் போயிற்று. பாதி வழியில் மழை கொட்டியது. நாங்கள் பெண்கள் பின்னால் பிரார்த்தனை சொல்லிக்கொண்டு நடந்தோம். "சமாதானத்தின் இராக்கினியே" என்று சுவாமியார் சொல்ல, "கிளச்ச மெதுவா விடுடா கழுத" என்று முன்னாலிருந்து அப்பா கத்தினார். "நீங்க மாதாவப் பாருங்க, நான் ரோட்டப் பாக்குறேன்" என்று இவன் கத்தினான். "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் பாடினோம். கோயில் வரைக்கும் இரண்டு பேரும் ஓயவில்லை. ஒன்பது வாரம் பேசாத வாய்கள் அவை. நான் நனைந்து நடுங்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சண்டை போடட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

தகரக் கூரை இப்போது கோழிக்கூட்டின் மேல் இருக்கிறது. துரை காரோடு கொடுத்த சின்னப் புத்தகம் ஒன்றை அப்பா வைத்திருக்கிறார், அதிலுள்ள படத்தைப் பார்த்து மெழுகுத் துணியில் புது ஹூட் நான்தான் தைக்கிறேன். ஆனால் என் பக்கத்தில், கழுத்தை மூடி இறங்குகிற மாதிரி ஒரு மடிப்பு கூடுதலாக வைத்துவிட்டேன். புத்தகத்தில் அது கிடையாது. முந்தாநாள் அப்பா வந்து அதைத் தூக்கிப் பார்த்தார், இறக்கிப் பார்த்தார், சாண் போட்டு அளந்துவிட்டுப் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு புத்தகத்தை எடுத்தேன். அந்தப் படத்தில், நான் உட்காருகிற பக்கத்தில், என்னுடைய மடிப்பை அளவோடு பென்சிலால் வரைந்து வைத்திருக்கிறார்.

சர்வேசுரன் உன்னை ஆசீர்வதித்து, நல்ல புத்தியும் நல்ல தூக்கமும் தருவாராக. காவல் சம்மனசு உன்னோடு டியூட்டிக்கும் வரட்டும். மிளகாய்த்தூள் பார்சல் அடுத்த மாதம் வருகிறது, கூட இருக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கொடுத்து அவர்களை உன் வார்டிலேயே படுக்க வைத்துவிடாதே. தம்பிக்குப் பிறந்தநாள் நவம்பர் பதினொன்று, மறக்காமல் வீட்டு விலாசத்துக்கே எழுது.

இப்படிக்கு,
உன்னை நினையாத நாளில்லாத அம்மா,
மார்கிரட் இக்னேசியஸ்